திருக்கைக்கு ஒன்றரை மணி

லூவ்ரில் பார்வைக்கு வைத்திருக்கும் படைப்புகள் ஏறக்குறைய 35,000. ஒன்றுக்குப் பத்து விநாடி என்று வைத்துக்கொண்டாலும் 97 மணி நேரம் ஆகிறது. காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை, சாப்பிடாமல், நடக்கும் நேரத்தைச் சேர்க்காமல், பதினோரு நாள். இந்தக் கணக்கை நான் ஊருக்குத் திரும்பிய பிறகுதான் போட்டேன். எனக்கிருந்தது இரண்டு நாள். அதிலும் ஒரு நாள் அந்தக் கட்டடம் பூட்டியிருக்கும் என்பது எனக்குத் தெரியாது.

2023 அக்டோபர். ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகள் வீட்டிலிருந்து பாரீஸுக்குத் திங்கள் காலை ரயில். புதன் மாலை மூன்று மணிக்குத் திரும்பும் ரயில். மகள் அரை மணிக் கட்டங்களாகப் பிரித்து ஒரு நிகழ்ச்சி நிரல் போட்டுக் கொடுத்திருந்தாள். மோனாலிஸாவுக்கு இருபது நிமிஷம், அதில் பதினைந்து நிமிஷம் வரிசைக்கு. 'நீங்க பாட்டுக்கு ஒரே எடத்துல நின்னுடாதீங்கப்பா. அப்புறம் எதையுமே பாக்கலன்னு வந்து பொலம்புவீங்க' என்றாள். அவளுக்கு என்னைத் தெரியும். ஆனால் அவளுக்குத் தெரியாத ஒரு காரியம் என் பையில் இருந்தது.

தூத்துக்குடியில் எனக்கு மூத்த ஓவிய நண்பர் ஒருவர். அண்ணாச்சி என்றே கூப்பிட்டுப் பழக்கம். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு, ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராகவே வாழ்க்கையைக் கழித்தவர். கடந்த ஐந்தாறு வருஷங்களாகக் கண்ணில் அழுத்த நோய். பார்வை ஓரங்களிலிருந்து உள்நோக்கி இருண்டுகொண்டே வருகிறது. நான் போகிறேன் என்று கேள்விப்பட்டு ஒரே ஒரு விஷயம் கேட்டார்: 'ஷார்டானோட திருக்கையை எனக்காகப் பாத்துட்டு வாரும் வே. போட்டோ வேண்டாம். போட்டோ எனக்கு இனிமே எதுக்கு? நின்னு பாத்துட்டு வந்து சொல்லும்.'

இந்தப் படத்துக்கும் எங்களுக்கும் உள்ள உறவு பழையது. மூர் மார்க்கெட் 1985இல் எரிவதற்குச் சில வருஷங்களுக்கு முன், அங்கே ஒரு கடையில் அட்டை போன பிரெஞ்சு ஓவியப் புத்தகம் ஒன்றை வாங்கினோம். எல்லாப் படங்களும் கறுப்பு வெள்ளை. தபால் கார்டில் பாதி அளவு. அதில் ஒன்று இந்தத் திருக்கை. கல் சுவரில் ஒரு கொக்கி, அதில் வயிறு கிழிக்கப்பட்டுத் தொங்கும் மீன், அதன் அடிப்பக்கத்தில் மனித முகம் போல ஏதோ ஒன்று அழுகிறதா சிரிக்கிறதா என்று தெரியாமல். நான் அதைச் சிலுவையில் தொங்குகிறவனாகவே பார்த்தேன். பார்த்ததோடு நிற்காமல் கையெழுத்துப் பத்திரிகை ஒன்றில் நான்கு பக்கம் எழுதவும் செய்தேன். அண்ணாச்சி அதைப் படித்துவிட்டு, 'இது திருக்கை வே. எங்க அம்மை வாசல்ல உக்காந்து ஆயிற மீன். அடியில இருக்கறது மூஞ்சி இல்ல, மூக்கும் வாயும். கண்ணு மேல் பக்கம் இருக்கும், உமக்குத் தெரியாது' என்று சொன்னார். அதற்குமேல் அவர் விமர்சிக்கவில்லை.

திங்கட்கிழமை இரண்டு மணிக்குக் கண்ணாடிப் பிரமிடுக்குக் கீழே இறங்கினேன். முன்பதிவு, நேரம் குறித்த சீட்டு, 17 யூரோ. (2024 ஜனவரியில் அது 22 ஆயிற்று. 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருகிறவனுக்கு 32. தூரத்திலிருந்து வருகிறவனுக்குத்தான் நேரமும் குறைவு, சீட்டும் அதிகம்.) நான்கு மணி நேரம் கையில் இருந்தது. முதலில் எல்லோரும் பார்ப்பதைப் பார்த்து முடித்துவிட்டு, பிறகு நிதானமாகத் திருக்கைக்குப் போகலாம் என்று திட்டம். இதைவிட முட்டாள்தனமான திட்டம் இருக்க முடியாது. முக்கியமானதைக் கடைசிக்கு வைப்பது நம் கல்யாணப் பந்தியில் சரி. மியூசியத்தில் கால்தான் முதலில் தீர்ந்துபோகிறது, அதற்குப் பிறகு கண்.

சமோத்ராஸின் சிறகுள்ள தேவதை, படிக்கட்டின் உச்சியில். பிறகு மோனாலிஸா: 77க்கு 53 செண்டிமீட்டர், அதற்கு முன்னால் உயர்த்திய கைகளும் கைபேசிகளும். எதிர்ச் சுவரில் வெரோனீஸின் கானா ஊர்க் கல்யாணம், ஏறக்குறைய பத்து மீட்டர் அகலம், 1797இல் நெப்போலியனின் படை வெனிஸ் மடத்திலிருந்து எடுத்து வந்தது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு அத்தனை பேரும் நின்றிருந்தார்கள்; நானும் நின்றேன். 1911இல் மோனாலிஸா திருடுபோன சில வாரங்களில் காஃப்காவும் மாக்ஸ் ப்ராடும் இங்கே வந்து வெற்றிடத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு நேரம் மிச்சமாகியிருக்கும் என்று தோன்றியது. பிறகு ஜெரிக்கோ, டெலக்ரோவா, நீளமான இத்தாலியக் கூடம். மறுநாள் விடுதியில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன்: நின்று பார்த்தவை எழுபதுக்கு மேல் இருக்கும், ஞாபகத்தில் உருவத்தோடு நின்றவை ஆறு. மற்றவை சட்டங்கள், பொன் பூச்சு, யாருடைய தோளோ.

ஐந்தரைக்கு ஊழியர்கள் அறைகளைக் காலி செய்யத் தொடங்கினார்கள். நான் டெனோன் பகுதியில் இருந்தேன். ஷார்டான் இருப்பது ஸுல்லி பகுதியில், இரண்டாம் மாடி. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வெளியே வந்தேன்.

நாளை செவ்வாய். லூவ்ருக்குச் செவ்வாய் விடுமுறை. ஓர்ஸேக்குத் திங்கள். இந்த இரண்டு வரிகள் மகளின் நிரலிலேயே இருந்தன, நான்தான் படிக்கவில்லை. லூவ்ர் மூடியிருப்பதால் செவ்வாயன்று ஊரே ஓர்ஸேயில் இருந்தது. அங்கே செஸானின் ஆப்பிள்களுக்கு முன்னால் நின்றபோதுகூட மனசு ஆற்றுக்கு அக்கரையில் பூட்டிக் கிடந்த கட்டடத்திலேயே இருந்தது. ஓர்ஸேயைப் பற்றி எழுத எனக்கு அருகதை இல்லை.

புதன் காலை ஒன்பதுக்கு மறுபடி சீட்டு, மறுபடி 17 யூரோ. மகளிடம் சொல்லவில்லை. இந்த முறை எதையும் பார்க்கவில்லை. குதிரைக்குப் பட்டை கட்டியது போல் நேரே நடந்தேன். காலை நேரத்துக் கூட்டம் முழுவதும் டெனோன் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. ஸுல்லி இரண்டாம் மாடியில் என்னையும் ஒரு காவலரையும் தவிர யாருமில்லை.

முதலில் ஏமாற்றம் போன்ற ஒன்று. பிறகு வெட்கம். நாற்பது வருஷமாக நான் அறிந்திருந்த திருக்கை சாம்பல் நிறம். இது ஈரமானது. ரோஜா, சிவப்பு, முத்துச் சிப்பியின் உட்புறத்து வெளுப்பு, இன்னும் ரத்தம் உறையாத குடல். சிலுவையும் இல்லை, தியாகமும் இல்லை. நான் நான்கு பக்கம் எழுதியது அச்சு மையைப் பற்றி. ப்ரூஸ்ட் இந்த மீனின் கிழிந்த வயிற்றுக்குள் ஒரு வண்ணத் தேவாலயத்தைக் கண்டவர். அவராவது அசலுக்கு முன்னால் நின்றிருந்தார். நவீன ஓவியம் பற்றி நம் சிறு பத்திரிகைகளில் நாம் போட்ட சண்டைகளில் எத்தனை இப்படி மையின் மீது போட்டவை என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சண்டைகள் வீண் என்று சொல்ல வரவில்லை. நமக்குக் கிடைத்தது அதுதான்.

இடது பக்கம் பூனை. திறந்த சிப்பிகளின் மேல் கால் வைத்து, முதுகை வளைத்து, மயிர் சிலிர்த்து, எதையோ பார்த்துப் பயந்து நிற்கிறது. வலது பக்கம் ஜாடி, சட்டி, ஜல்லிக் கரண்டி, மேசையிலிருந்து சரியும் வெள்ளைத் துணி, விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் கத்தியின் பிடி. 1728இல் அகாதமியில் சேரும்போது ஷார்டான் கொடுத்த படங்களில் ஒன்று இது. அவர் 1757இலிருந்து 1779இல் சாகும்வரை, இருபத்திரண்டு வருஷம், இதே லூவ்ரில் அரசர் கொடுத்த வீட்டில் குடியிருந்தார். அகாதமியின் கண்காட்சிகளில் எந்தப் படத்தை எந்தச் சுவரில் மாட்டுவது என்று தீர்மானித்தவரும் அவர்தான். கடைசியில் அவருக்கும் கண் கெட்டது. எண்ணெய் வண்ணத்தில் இருந்த ஈயம் காரணம் என்கிறார்கள். எண்ணெயை விட்டு பாஸ்டலுக்கு வந்தார். கண்ணுக்கு மேல் மறைப்பு கட்டிக்கொண்டு தன்னையே வரைந்த 1775ஆம் வருஷத்துப் படமும் லூவ்ரின் சேகரிப்பில்தான் இருக்கிறது. அதை நான் பார்க்கவில்லை. அண்ணாச்சியிடம் ஷார்டானின் கண்ணைப் பற்றிச் சொல்வதா வேண்டாமா என்பதிலேயே பத்து நிமிஷம் போயிற்று.

ஒன்றரை மணி நேரம் இருந்தேன். காவலர் இரண்டு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார். முதல் இருபது நிமிஷம் பார்த்தேன். அடுத்த இருபது நிமிஷம் பார்ப்பதாக நடித்தேன். அதற்குப் பிறகுதான் படம் தானாக ஏதோ செய்ய ஆரம்பித்தது. அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பூனைக்கும் மீனுக்கும் நடுவில் உள்ள வெற்றுக் கல் சுவர் வெப்பமாக இருந்தது என்று மட்டும் நோட்டில் எழுதியிருக்கிறேன்.

ரயில் ஏறியதும் தூத்துக்குடிக்குப் போன் செய்தேன். அங்கே இரவு ஏழு மணிபோல இருக்கும். நோட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு போனேன். நிறங்கள், ஈரம், சுவர். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு,

'அந்தக் கத்தி வெளிய நீட்டிட்டு நிக்கில்லா, அதோட நிழல் எங்கன விழுது?' என்றார்.

எனக்குத் தெரியவில்லை. கத்தியைப் பார்த்திருந்தேன். நிழலைப் பார்க்கவில்லை. 'கவனிக்கல அண்ணாச்சி' என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

'சரி, விடும்' என்றார். 'பூனை எந்தப் பக்கம் பாக்கு? அதைச் சொல்லும்.'