சோதிப்பவருக்குச் சம்பளம் யார் தருவது?

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் வாக்குச்சாவடிப் பணிக்குப் பெயர் கொடுத்தால், நீங்கள் எந்தக் கட்சியில் பதிவு செய்தவர் என்று பார்ப்பார்கள். கட்சிக்காரர் என்பதற்காக நிராகரிக்க மாட்டார்கள். அதைப் பார்த்துத்தான் இடம் ஒதுக்குவார்கள். ஒவ்வொரு சாவடிக்கும் இரண்டு தலைமைத் தேர்தல் நீதிபதிகள் உண்டு. ஒருவர் டெமாக்ரட் என்றால் மற்றவர் வேறு கட்சி. நீதிபதி என்ற பெயர் பெரிதாக இருந்தாலும், வேலை நம் ஊரில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் செய்வதுதான். காலையில் முத்திரை எண்களைச் சரிபார்த்துச் சாவடியைத் திறக்க வேண்டும். இரவு எட்டு மணிக்கு வாக்குப்பதிவு முடிந்ததும் கணக்கை முடித்து, இயந்திரம் அச்சடித்துத் தரும் சுருளில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

கும்பகோணத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற அப்பா, பல தேர்தல்களில் பிரிசைடிங் ஆபீசராக இருந்தவர். இதைச் சொன்னதும் அவரால் ஏற்க முடியவில்லை. "கட்சிக்காரனையே அதிகாரி நாற்காலியில உட்கார வைக்கிறதா? எங்களை எல்லாம் கட்சிக்காரங்க கையால டீகூட வாங்கிக் குடிக்கக் கூடாதுன்னு சொல்லித்தாம்மா அனுப்புவாங்க."

"உங்க பூத்துலயும் எல்லாக் கட்சி ஏஜென்டும் உட்கார்ந்திருப்பாங்களேப்பா. அவங்க கண்ணுக்கு எதிர்ல மாதிரி வாக்குப்பதிவு நடத்திக் காட்டாம மெஷினை மூட முடியுமா?"

சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "அதுவும் சரிதான். அவங்க கையெழுத்து இருந்தாத்தான் நாளைக்கு எங்களுக்கும் பாதுகாப்பு."

தேர்தலில் ஆதாயமே இல்லாத மனிதரைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். ஆதாயம் உள்ளவர்களை எதிரெதிராக உட்கார வைத்து, இருவரும் ஒப்புக்கொண்டால் மட்டும் கணக்கு செல்லும் என்று ஏற்பாடு செய்வது எளிது. சாவடிக்குள் இதை இவ்வளவு நன்றாகப் புரிந்துவைத்திருக்கும் இந்த நாடு, இயந்திரத்தைச் சோதிக்கும் இடத்தில் மட்டும் நெடுங்காலமாக இதைக் கோட்டைவிட்டு வருகிறது. மென்பொருள் சோதனையே என் பிழைப்பு என்பதால் அது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நான் குடியுரிமை பெற்று முதல்முறை வாக்களித்தது டீபோல்டு நிறுவனத்தின் அக்யூவோட் தொடுதிரையில். கையில் ஒரு பிளாஸ்டிக் அட்டை தருவார்கள். அதைச் செருகித் திரையில் பெயரைத் தொட்டு உறுதிசெய்ததும் அட்டை வெளியே துள்ளி வரும். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, 'நான் வாக்களித்தேன்' ஒட்டியை வாங்கிச் சட்டையில் ஒட்டிக்கொண்டு வெளியேறலாம். ஆனால் போட்ட வாக்குக்குக் காகிதத்தில் ஒரு தடயமும் கிடையாது. இயந்திரம் சொல்வதுதான் முடிவு. மறு எண்ணிக்கை கேட்டாலும் அதே இயந்திரம் அதே எண்ணைத் திரும்பச் சொல்லும்.

2000ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில் ஃபுளோரிடா வாக்கு எண்ணிக்கையில் நேர்ந்த குழப்பத்துக்குப் பிறகு, 2002இல் இயற்றிய சட்டத்தின் மூலம் புதிய இயந்திரங்கள் வாங்க மாநிலங்களுக்குப் பல நூறு கோடி டாலர் கிடைத்தது. மேரிலாந்து 2003இல் 5 கோடியே 56 லட்சம் டாலருக்கு டீபோல்டுடன் ஒப்பந்தம் போட்டது. அதே ஆண்டு ஜூலையில் பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஏவி ரூபினும் அவருடன் மூன்று ஆய்வாளர்களும் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். டீபோல்டு நிரல் இணையத்தில் காவலில்லாமல் கிடந்ததை எடுத்துப் படித்திருந்தார்கள். வாக்காளர் அட்டையைப் போலியாகச் செய்து ஒருவரே பலமுறை வாக்களிக்கலாம் என்றார்கள். மறையாக்கச் சாவி நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்ததையும், எல்லா இயந்திரத்துக்கும் அதே சாவி என்பதையும் காட்டினார்கள்.

அடுத்த மாதமே வேறொரு செய்தி வந்தது. போட்டி நிறுவனமான வோட்ஹியரின் தொழில்நுட்ப ஆலோசனைக் குழுவில் ரூபின் இருந்தார். அந்த நிறுவனத்தின் பங்குகளை வாங்கும் உரிமையும் அவரிடம் இருந்தது. அறிக்கையில் அதைக் குறிப்பிடவில்லை. மறந்துவிட்டதாகச் சொன்னார், பதவி விலகினார், பங்குரிமையைத் திருப்பிக் கொடுத்தார். இயந்திரத்தை ஆதரித்தவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. சாவி நிரலில் இருக்கிறதா என்ற கேள்வி பின்னுக்குப் போய், சொன்னவர் யார் என்பதே பேச்சாகிவிட்டது.

ரூபின் அதை முதல் பக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. சொல்லாமல் விட்டதால் நல்ல ஆய்வின் மேல் வீண் கறை படிந்தது. ஆனால் கறை படிந்ததால் கண்டுபிடிப்பு பொய்யாகிவிடாது. அந்த அறிக்கை வெளிப்படையாக இருந்தது. யாரும் நிரலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆளுநரின் உத்தரவின்பேரில் எஸ்ஏஐசி நிறுவனம் ஆராய்ந்தது. பெரும்பகுதி மறைக்கப்பட்டு வெளிவந்த அந்த அறிக்கையும், ஊடுருவலுக்கான ஆபத்து அதிகம் என்றே சொன்னது. பிறகு சட்டமன்றத்தின் சார்பில் ராபா டெக்னாலஜிஸ் என்ற மேரிலாந்து நிறுவனம் 2004 ஜனவரியில் இயந்திரங்களை நேரடியாகத் தாக்கிப் பார்த்தது. பூட்டுகளை நொடிகளில் திறந்தார்கள். மாநிலத்தின் சுமார் 16,000 இயந்திரங்களிலும் பூட்டுக்கு ஒரே சாவிதான் என்பது தெரிந்தது. ஹாப்கின்ஸ் குழு காட்டிய திசை சரி என்று, வோட்ஹியரோடு எந்த ஒட்டும் உறவும் இல்லாத ஆட்கள் உறுதிசெய்தார்கள்.

ரூபினும் 2004 மார்ச்சில் பால்டிமோர் கவுண்டிச் சாவடி ஒன்றில் தேர்தல் நீதிபதியாகப் பணியாற்றினார். தாம் எழுதிய தாக்குதல்களில் சில நடைமுறையில் கடினம், வேறு சில நினைத்ததைவிட எளிது என்று அந்த அனுபவத்துக்குப் பிறகு எழுதினார். தன் முடிவைக் களத்தில் போய்ச் சரிபார்க்கத் தயாராக இருந்த அந்தக் குணத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஒரு பேராசிரியரின் பங்குரிமையைப் பற்றி அத்தனை கூச்சல் எழுந்த அதே காலத்தில், அதைவிடப் பெரிய உறவு ஒன்று யார் கண்ணையும் உறுத்தாமல் இருந்தது. கூட்டாட்சித் தரத்துக்கு இயந்திரம் பொருந்துகிறது என்று சான்றளித்த ஆய்வகங்களுக்குப் பணம் கொடுத்தவர்கள் இயந்திரத்தை விற்ற நிறுவனங்களே. எந்த ஆய்வகம் என்று தேர்ந்தெடுத்தவர்களும் அவர்களே. அறிக்கையும் அவர்களுக்கே போனது; வாக்காளர் கேட்டால் வணிக ரகசியம். ஹாப்கின்ஸ் குழு பிழை கண்ட இயந்திரம் இந்தச் சோதனையைக் கடந்து வந்ததுதான். மேஸ்திரியே கூலி கொடுத்து அழைத்து வந்த ஆள் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு 'உறுதியாக இருக்கிறது' என்று சொன்னால், வீட்டுக்காரர் நம்புவாரா? சைபர் என்ற ஆய்வகம் தேவையான சோதனைகளைச் செய்ததற்கான ஆவணங்களைக் காட்ட முடியாததால் அங்கீகாரம் கிடைக்காமல் நின்றது 2007 தொடக்கத்தில்தான் வெளியே தெரிந்தது. அதற்குள் அமெரிக்கா பல தேர்தல்களைப் பார்த்துவிட்டது.

என் தொழிலில் இந்த அழுத்தம் எப்படி வேலை செய்யும் என்பது எனக்குத் தெரியும். யாரும் லஞ்சம் கொடுப்பதில்லை, யாரும் பொய் சொல்லச் சொல்வதில்லை. முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் வாடிக்கையாளரே சோதனைப் பட்டியலைக் கொடுப்பார். பட்டியலில் இல்லாததைச் சோதித்தால் 'இதற்கு யார் பணம் தருவது?' என்று கேட்பார்கள். சில மாதங்களில் பட்டியலுக்கு வெளியே பார்க்கும் பழக்கமே போய்விடும். நேர்மையானவர்கள்கூட இப்படித்தான் குருடாகிறார்கள். 2003 ஆகஸ்டில், டீபோல்டின் தலைமைச் செயல் அலுவலர் வால்டன் ஓடெல் ரிபப்ளிகன் கட்சிக்கு நிதி கேட்டு எழுதிய கடிதத்தில், ஓஹாயோவின் வாக்குகளை அதிபர் புஷ்ஷுக்குப் பெற்றுத் தர உறுதிபூண்டிருப்பதாக எழுதியது எல்லாருக்கும் நினைவிருக்கிறது. பேச்சு பட்டவர்த்தனமாக இருந்ததால் அது செய்தியானது. கட்டணச் சீட்டில் ஓசையில்லாமல் இருக்கும் உறவு செய்தியாவதில்லை.

மேரிலாந்து 2016இல் காகிதத்துக்குத் திரும்பியது. இப்போது கறுப்புப் பேனாவால் நீள்வட்டத்தை நிரப்பி, வாக்குச்சீட்டை வருடியில் நாமே செருகுகிறோம். உள்ளே இழுத்துக்கொண்டதும் முகப்பில் எண் ஒன்று கூடும். அந்தத் தாள் அடியில் உள்ள பெட்டிக்குள் விழுகிறது. வருடியின் கணக்கைச் சரிபார்க்க, அதை விற்காத வேறொரு நிறுவனத்தை மாநிலம் அமர்த்தியது. நல்ல அடி. ஆனால் அந்த நிறுவனம் பார்த்தது வருடி எடுத்த படங்களை, தாளை அல்ல. படமே தவறாக இருந்தால் இரண்டாம் கணக்கும் தவறும். தாளைக் கையில் எடுத்து எண்ணும் தணிக்கையும் வேண்டும் என்று பிறகு சட்டம் வந்தது சரியான காரியம்.

தாளின் வலிமையை அரிசோனாவில் பார்த்தோம். 2020 அதிபர் தேர்தலில் மாரிகோபா கவுண்டியில் பதிவான சுமார் 21 லட்சம் வாக்குச்சீட்டுகளை 2021இல் ஆராய, சைபர் நிஞ்சாஸ் என்ற நிறுவனத்தை மாநில செனட் அமர்த்தியது. தேர்தல் திருடப்பட்டது என்று பரப்பியவர் அதன் தலைவர். செனட் கொடுத்தது ஒன்றரை லட்சம் டாலர். டிரம்ப் ஆதரவு அமைப்புகள் கொடுத்தது 57 லட்சம். இதைவிட மோசமான சார்பு இருக்க முடியாது. அவர்கள் எண்ணி முடித்தபோது பைடனுக்கு 99 வாக்கு கூடியது, டிரம்புக்கு 261 குறைந்தது. எண்ணியவர் விரும்பியதை அந்தத் தாள்கள் தரவில்லை.

இந்தியாவில் கதை வேறு. நம் இயந்திரத்தைப் பொதுத்துறை நிறுவனங்களான பாரத் எலெக்ட்ரானிக்ஸும் (பெல்) இசிஐஎல்லும் செய்கின்றன. பெல்லில் அதன் உருவாக்கத்தில் எழுத்தாளர் சுஜாதாவுக்கும் பங்கு உண்டு. இந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் 2010இல் ஹைதராபாத் ஹரி பிரசாத்தும் இரு வெளிநாட்டு ஆய்வாளர்களும் ஓர் இயந்திரத்தைத் திறந்து பலவீனங்களைக் காட்டியபோது, இயந்திரம் எப்படிக் கைக்கு வந்தது என்று கேட்டுப் பிரசாத்தைக் கைது செய்தார்கள். வெளியாள் தொட்டால் குற்றம் என்றால், உள்ளே இருப்பவர் மட்டும்தான் சோதிக்க முடியும். போட்ட வாக்கைக் காகிதத்தில் அச்சிட்டுக் காட்டும் விவிபேட் சீட்டு வந்த பிறகும், ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து சாவடிகளின் சீட்டுகளைத்தான் எண்ணிப் பார்க்கிறோம்.

அமெரிக்காவில் இன்றும் ஆய்வகக் கட்டணத்தை உற்பத்தியாளரே கட்டுகிறார். இதை மாற்றக் கேட்டு நான் என் பிரதிநிதிகளுக்கு எழுதுகிறேன். உங்கள் மாநிலத்தில் நீங்களும் எழுத வேண்டும். உற்பத்தியாளர் கட்டணத்தைப் பொது நிதியில் செலுத்தட்டும். எந்த ஆய்வகம் என்பதைக் கூட்டாட்சி அரசின் தேர்தல் உதவி ஆணையம் முடிவு செய்யட்டும். சோதித்தவர் தம் பங்குகளையும் பதவிகளையும் அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதட்டும். முழு அறிக்கையும் வெளிவரட்டும். நம்பாதவர்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்து பார்க்கட்டும். தோற்ற கட்சி தன் ஆளை அனுப்பி எண்ணிப் பார்க்கக்கூடிய தாள் ஒவ்வொரு வாக்குக்கும் இருக்கட்டும். தோற்றவர் ஒப்புக்கொள்ளும் கணக்குதான் தேர்தல் முடிவு. அந்த ஒப்புதலைப் பெறத்தான் நாம் சாவடியில் இரண்டு கட்சிக்காரர்களை உட்கார வைக்கிறோம். இயந்திரத்தைச் சோதிக்கும் ஆய்வகத்திலும் அதே நியாயம் நடக்க வேண்டும்.