மயில்துத்தத்தில் விட்டுப்போன தண்ணீர்



நேற்று ராத்திரி பேத்தி வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். "தாத்தா, காப்பர் சல்பேட் வாய்பாட்டுக்குப் பக்கத்துல ஒரு புள்ளி வச்சு அஞ்சு தண்ணி மூலக்கூறு போட்டிருக்காங்களே, அந்தப் புள்ளி பெருக்கலா கூட்டலா?" கூட்டல்தான் என்று பதில் போட்டுவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. அந்தப் புள்ளியோடு எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டும் முடித்தவன். எட்டாம் வகுப்போடு என் எல்லை முடிந்தது. 1990-களில் ஒரு வருடம் அறிவியல் ஆசிரியர் மாறுதலில் போய்விட, பத்தாம் வகுப்பு வேதியியல் என் தலையில் விழுந்தது. ராத்திரி நான் படித்து, காலையில் நடத்துவேன்.

மோல் பாடத்துக்கு 100 புளியங்கொட்டையும் 100 வேப்பங்கொட்டையும் எடுத்துப்போனேன். எண்ணிக்கை ஒன்றுதான், எடை வேறு. அப்படித்தான் 32 கிராம் கந்தகமும் 63.5 கிராம் தாமிரமும். இரண்டிலும் 6.022 × 10²³ அணுக்கள். பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது.

அடுத்த தேர்வில் கேட்டேன்: 50 கிராம் மயில்துத்தத்தில் எத்தனை மோல்? என் கணக்கு: தாமிரம் 63.5, கந்தகம் 32, நான்கு ஆக்சிஜன் 64. மொத்தம் 159.5. விடை 0.313. ஒரே ஒரு பெண் 0.2 என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டேன்.

தாளைக் கொடுத்ததும் எழுந்து வந்தாள். "சார், மயில்துத்தம் நீலமாத்தானே இருக்கும்? தண்ணி போனா வெள்ளையாயிடும்னு நீங்கதானே சூடு பண்ணிக் காட்டினீங்க?"

"கேள்வியில தண்ணின்னு போட்டிருக்கா? போய் உட்காரு" என்றேன். உட்கார்ந்துவிட்டாள். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

வீட்டில் போட்டுப் பார்த்தேன். ஐந்து தண்ணீர், 5 × 18 = 90. 159.5-உடன் 90 சேர்த்தால் 249.5. ஐம்பதை அதால் வகுத்தால் 0.2. அவள் சொன்னதுதான் சரி. கையில் வைத்தால் உலர்ந்த கல்போல இருக்கும் அந்த 50 கிராமுக்குள் 18 கிராம் தண்ணீர்! ஒரு மோல் தண்ணீர் முழுசாக உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு நாள் ஆனது. பட்டயம் படித்தவனுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம். மூன்றாம் நாள் தெரிந்த பட்டறையில் நகைத் தராசை இரவல் வாங்கி, நாட்டு மருந்துக் கடையில் மயில்துத்தமும் வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். அந்தப் பெண்ணையே நிறுக்கச் சொன்னேன். 5 கிராம். பீங்கான் கிண்ணத்தில் போட்டு ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினோம். நீலம் வெளுத்து மாவாகியது. ஆறியதும் நிறுத்தாள். 3.3 கிராம். கணக்குப்படி 3.2 வரவேண்டும், கொஞ்சம் தண்ணீர் போகாமல் நின்றிருக்கும். மேலே ஒரு சொட்டு நீர் விட்டதும் மறுபடி நீலம். வகுப்பே கைதட்டியது.

"தப்பு என்னுதும்மா" என்று சொல்லி அவள் தாளில் இரண்டு மதிப்பெண் கூட்டிக் கையெழுத்துப் போட்டேன். 0.313 எழுதிய மற்றவர்களுக்குக் குறைக்கவில்லை. அவர்கள் நான் சொல்லிக்கொடுத்தபடிதானே எழுதினார்கள்.

பதிவேட்டில் அடித்துத் திருத்தியதைப் பார்த்துத் தலைமை ஆசிரியர் கூப்பிட்டு, "என்ன சார் இது?" என்றார்.

"தண்ணியைச் சேர்க்க மறந்துட்டேன் சார்" என்றேன்.