அஜெண்டாவின் கடைசிப் பக்கம்

மாயனூரிலிருந்து குளித்தலை வரைக்குமான காவிரிக் கரையில் செய்தி சேகரிக்கிறவனுக்கு இரண்டு எண்கள் தெரியாமல் பொழுது விடிவதில்லை. மேட்டூர் நீர்மட்டம் ஒன்று. மாயனூர் கதவணைக்கு வந்துகொண்டிருக்கும் நீரின் அளவு மற்றொன்று. கிருஷ்ணராயபுரம், மகாதானபுரம், லாலாப்பேட்டை என்று ஊருக்கு ஊர் டீக்கடையில் நின்றால் முதல் கேள்வி அதைப் பற்றித்தான் இருக்கும். வாழைக்காரருக்கும் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவருக்கும் தென்கரை வாய்க்காலில் என்றைக்குத் தண்ணீர் வரும், எத்தனை நாள் நிற்கும் என்பதுதான் அரசியல். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இந்த எண்ணை அப்படியே எழுதி அனுப்பினால் வேலை முடிந்துவிடும் என்று பல நிருபர்கள் நினைக்கிறார்கள். நீர்வளத் துறையின் குறிப்பில் இருக்கிற கன அடியை எழுதுவது செய்தியில் பாதிதான். வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி. இந்தக் கணக்கைப் புதிதாக வருகிற ஒவ்வொருவரையும் நான் மனப்பாடம் செய்யச் சொல்வேன். மேட்டூர் கொள்ளளவு 93.47 டிஎம்சி என்பதையும் சேர்த்து வைத்துக்கொண்டால், 'இத்தனை நாளைக்குத்தான் தாங்கும்' என்று விவசாயியே சொல்வதற்கு முன்னால் நாம் சொல்லிவிடலாம். அடுத்தது நேரம். மேட்டூரில் ஜூன் 12ஆம் தேதி திறந்தால் கல்லணைக்குத் தண்ணீர் போய்ச்சேர மூன்று நான்கு நாள் ஆகும். வறண்டு கிடக்கிற மணல் முதலில் தன் பங்கைக் குடிக்கும். வெள்ளக் காலத்தில் அதே தண்ணீர் அவ்வளவு அவகாசம் தராது. படுகையில் ஆடு கட்டியிருக்கிறவருக்கும் ஆற்றுக்குள் மோட்டார் இறக்கியிருக்கிறவருக்கும் ஒன்றரை லட்சம் கன அடி என்று எழுதிப் பயன் இல்லை. நாளைக்கு விடிவதற்குள் நம் படித்துறையில் எந்தப் படி வரைக்கும் ஏறும் என்பதை, போன முறை ஏறின அளவைச் சொல்லி எழுத வேண்டும். அதற்கு ஒரே வழி, போன முறை நேரில் போய்ப் பார்த்திருப்பது.

2024ஐ நினைத்துப் பாருங்கள். ஜூன் 12 வந்தும் அணையைத் திறக்கவில்லை. திறக்கத் தண்ணீர் இல்லை. ஜூலை 28இல் திறந்தார்கள். ஜூலை 30இல் அணை 120 அடியை எட்டி நிரம்பியது. ஆகஸ்ட் தொடக்கத்தில் வெளியேற்றம் ஒன்றரை லட்சம் கன அடியைத் தாண்டியது. குறுவை போயிற்று என்று விவசாயிகள் சொன்னதை எழுதிய அதே மாதத்தில், கரையோர மக்கள் மேட்டுக்கு வந்துவிடுங்கள் என்றும் எழுதினோம். ஆடிப்பெருக்கன்று வழக்கமாகத் தண்ணீர் வருமா என்று கேட்கிறவர்கள், அந்த ஆண்டு ஆற்றில் இறங்க விடுவார்களா என்று கேட்டார்கள். காவிரி கரைபுரளாத ஆண்டுகளில் படித்துறைகளில் ஷவர் குழாய் அமைத்து மக்களைக் குளிக்க வைத்ததும் இதே ஆற்றில்தான்.

ஆற்றிலிருந்து நான் கற்றுக்கொண்ட பெரிய பாடம் முக்கொம்பில் கிடைத்தது. 2018 ஆகஸ்ட் 22 இரவு கொள்ளிடத்தின் மேலணையில் 45 மதகுகளில் ஒன்பது அடித்துச் செல்லப்பட்டன. ஆர்தர் காட்டன் 1836இல் கட்டத் தொடங்கிய அணை அது. உடைந்த மறுநாள் தமிழ்நாட்டுச் செய்தியாளர் கூட்டம் முழுக்க அங்கே இருந்தது. உடைவதற்கு முந்தைய ஆண்டுகளில் எத்தனை பேர் அங்கே போய் ஷட்டருக்கு கிரீஸ் போடுகிறார்களா, சங்கிலி சரியாக இருக்கிறதா, துருவைச் சுரண்டினார்களா என்று கேட்டோம்? மாயனூரில் 98 மதகுகளோடு 2014இல் கதவணை திறந்தபோது அது முதல் பக்கச் செய்தி. ஆண்டுதோறும் அந்த 98 மதகுகளையும் பராமரிப்பதற்கு எந்தப் பக்கத்திலும் இடம் கிடைப்பதில்லை. ஊர்ச் செய்தியாளன் என்று ஒருவன் ஊரிலேயே குடியிருப்பது எதற்காக? திறப்பு விழாவுக்கு வெளியூர்க்காரர்கள் வந்துவிடுவார்கள். அதன் பிறகான ஐந்து வருஷத்துக்குத்தான் நாம் வேண்டும்.

அந்த ஐந்து வருஷமும் எழுதியிருக்கிற இடம் உள்ளாட்சி மன்றத்தின் அஜெண்டா. மட்டமான தாளில், சின்ன எழுத்தில், 'அவசர அவசியம் கருதி' என்றும் 'மன்றத்தின் பார்வைக்கும் அனுமதிக்கும்' என்றும் ஒரே மாதிரி வாக்கியங்களில் இருக்கும். மன்றக் கூட்டத்துக்குப் போகிற நிருபர்களில் பலர் வெளிநடப்புக்காகக் காத்திருக்கிறார்கள். ஒரு கவுன்சிலர் மைக்கைப் பிடுங்கினால் படம் கிடைக்கும், நாலு காலம் கிடைக்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அத்தனை பொருளும் 'ஒருமனதாக' நிறைவேறிவிடும். நான் அஜெண்டாவைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கிப் படிப்பேன். பிளீச்சிங் பவுடர் வாங்கியது, தெருவிளக்கு வாங்கியது எல்லாம் முன்னால் வரும். எல்லாரும் களைத்துப்போகிற கடைசிப் பக்கத்தில் குத்தகை நீட்டிப்பு வரும், கடை ஒதுக்கீடு வரும், ஏற்கெனவே செய்துவிட்ட செலவுக்குப் பின்தேதியில் அனுமதி கேட்டு ஒரு பத்தி வரும். கூட்டம் தொடங்கியபிறகு கையில் கொடுக்கிற கூடுதல் அஜெண்டா என்று ஒன்று உண்டு. அதை வாங்காமல் வீட்டுக்குப் போகக் கூடாது.

இன்னொரு பழக்கமும் உண்டு. பழைய அஜெண்டா எதையும் நான் எடைக்குப் போடுவதில்லை. கரையோரப் பேரூராட்சி ஒன்று. பெயர் இங்கே வேண்டாம். ஆற்றுக்குள் இருக்கிற நீரேற்று நிலையத்து மோட்டார் பழுது, காயில் கட்டிய செலவு என்று ஒரு பொருள் வந்தது. இதில் செய்தி ஒன்றும் இல்லை. மோட்டார் என்றால் பழுதாகும். ஆனால் குதிரைத்திறனையும் கிணற்றின் பெயரையும் வைத்துப் பழைய தாள்களைத் தேடினால், அதே மோட்டார் திரும்பத் திரும்ப எரிந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் செலவு, டெண்டர் விட வேண்டிய வரம்புக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது. எல்லாத் தொகையையும் கூட்டினால் புது மோட்டாரே வாங்கியிருக்கலாம். அந்த மாதங்களில் மேட்டுத் தெருக்களுக்கு எத்தனை நாளைக்கு ஒரு முறை குடிநீர் வந்தது என்று வீடு வீடாகக் கேட்டேன். பெண்கள் தேதியோடு சொன்னார்கள். தண்ணீர் வந்த நாளைக் காலண்டரில் குறித்துவைப்பது அங்கே பல வீடுகளில் வழக்கம். அலுவலகத்துப் பதிவேட்டைவிட அந்தக் காலண்டர்கள் நம்பகமானவை. தொகைகளையும் தேதிகளையும் மட்டும் எழுதினேன். யாரையும் திருடன் என்று எழுதவில்லை. அதற்கு என்னிடம் ஆதாரம் கிடையாது. கணக்கே பேசும் என்றால் நாம் ஏன் குரலை உயர்த்த வேண்டும்?

அடுத்த கூட்டத்தில் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றது முதல் முறையாகக் கவுன்சிலரான ஓர் அம்மா. கூட்டம் முடிந்து வாசலில் அவரைப் பார்த்தேன்.

"நல்லாக் கேட்டீங்கக்கா" என்றேன்.

"கேக்கறதுக்கு என்ன தம்பி, எனக்குத் தெரியாதா? கொடம் தூக்குறவ நான்தானே. எந்தப் பக்கத்துல இருக்குன்னுதான் தெரியாம இருந்துச்சு" என்றார்.

அடுத்து வந்த மாதங்களில் டெண்டர் விட்டு மோட்டார் வாங்கினார்கள். அந்தச் செய்தியையும் முந்தையதற்குக் கொடுத்த அதே அளவு இடத்தில் எழுதினேன். குறை எழுதிய கை நிறைவையும் எழுதாவிட்டால், அடுத்த முறை எந்த அதிகாரியும் நம்மிடம் தாளைக் காட்ட மாட்டார்.

மன்றமே இல்லாத காலம் ஒன்று இருந்ததை மறக்கக் கூடாது. 2016 அக்டோபரில் உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. நகராட்சி, பேரூராட்சிகளுக்கு 2022 பிப்ரவரி 19ஆம் தேதிதான் தேர்தல் நடந்தது. இடையில் ஐந்தாண்டுக்கு மேல் தனி அலுவலர்களின் ஆட்சி. அப்போதும் தீர்மானங்கள் நிறைவேறின. மன்றத்தின் அதிகாரம் முழுவதும் ஒரே அலுவலரின் கையில் இருந்ததால் ஒரு கையெழுத்து போதும். எதிர்க்கேள்வி கிடையாது, நிருபருக்குப் போட்ட நாற்காலியும் கிடையாது. அந்த ஆண்டுகளில்தான் தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு எழுதுவதைப் பலரும் முறையாகக் கற்றுக்கொண்டோம். பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாள் கெடு. 'ஏன் செய்யவில்லை' என்று கேட்டால் பதில் வராது. 'இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை நிறைவேற்றிய தீர்மானங்களின் நகல்' என்று கேட்டால் வரும். மனு எழுதுவதில் பாதித் திறமை, கோபத்தை வெளியே வைத்துவிட்டு ஆவணத்தை மட்டும் கேட்பதுதான்.

2022இல் மன்றங்கள் திரும்பி வந்தபோது பாதி இடங்கள் பெண்களுக்கு. 2011இல் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள்; இந்த முறை கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். அதனால் தேர்தல் முடிந்த பிறகே உண்மையான தேர்தல் தொடங்கியது; வாக்கு எண்ணிக்கை நடந்த பிப்ரவரி 22 முதல் மறைமுகத் தேர்தல் நடந்த மார்ச் 4 வரை எந்தக் கவுன்சிலர் எந்த ஊரில் தங்கியிருக்கிறார் என்பதே தமிழ்நாடு முழுவதும் பேச்சாக இருந்தது. கணவர் பதில் சொல்கிற கவுன்சிலர்களையும் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட இடத்தில் கணவரின் பேச்சைக் கவுன்சிலரின் பேச்சாக எழுதக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். அம்மாவிடமே பேச வேண்டும் என்று காத்திருப்பேன். முதல் முறை இரண்டு வார்த்தை வரும். ஆறு மாதம் கழித்து அவரே போன் செய்வார்.

ஊர்ச் சேதி கோட்டை வரை போகுமா என்று கேட்கிறவர்களுக்கு இந்தக் கரையிலேயே பதில் இருக்கிறது. 1957இல் மு. கருணாநிதி முதன்முதலாகச் சட்டமன்றத்துக்குப் போனது குளித்தலையிலிருந்துதான். அங்கே அவருடைய முதல் பேச்சு, பக்கத்து நங்கவரத்துப் பண்ணையில் உழுத விவசாயிகளின் பிரச்சினை பற்றியது. வயலில் பேசிக்கொண்டிருந்த வழக்கு மாநிலத்தின் சபையில் ஒலித்தது.

மணலைப் பற்றிப் பேசாமல் காவிரிக் கரைச் செய்தியைப் பேச முடியாது. 2003இல் மணல் அள்ளும் வேலையை அரசே எடுத்துக்கொண்டது. இருபது ஆண்டு கழித்து, 2023இல், அமலாக்கத் துறை குவாரிகளில் சோதனை போட்டது. கரூர், திருச்சி உள்ளிட்ட ஐந்து மாவட்ட ஆட்சியர்களுக்குச் சம்மன் போய், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை நடந்தது. அதெல்லாம் டெல்லி நிருபர்கள் எழுதினார்கள். நம்முடைய வேலை அதைவிட அடக்கமானது, ஆனால் அவர்களால் செய்ய முடியாதது: போன ஆண்டு இதே இடத்தில் படித்துறையின் எத்தனை படி வெளியே தெரிந்தது, பாலத்துத் தூணின் அடி எவ்வளவு தெரிகிறது, குடிநீர்க் கிணற்றைச் சுற்றி மணல் எவ்வளவு தாழ்ந்தது என்று ஒரே இடத்தில் நின்று ஆண்டுக்கு ஆண்டு படம் எடுத்துத் தேதி போட்டு வைப்பது. இரவில் தனியாகப் போகாதே என்பதையும் இளையவர்களுக்கு நான் சொல்லியாக வேண்டும். சொல்கிறேன்.

பணத்தைப் பற்றியும் மறைக்க ஒன்றுமில்லை. சிற்றூர்களில் பகுதிநேரச் செய்தியாளர்கள் பலருக்குச் சம்பளம் பெயரளவுக்குத்தான். தீபாவளிச் சிறப்பிதழுக்கும் தலைவர் பிறந்தநாளுக்கும் விளம்பரம் பிடித்தால் கமிஷன். எந்தக் கவுன்சிலரிடம் கேள்வி கேட்க வேண்டுமோ அவரிடமே கால் பக்கம் கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது. இந்த முறை தவறு, மாற வேண்டும். பத்திரிகைகள் மாற்றும்வரை நாம் செய்யக்கூடியது, விளம்பரம் கேட்கப்போன இடத்தில் செய்தி பேசாமல் இருப்பதும், கவர் நீட்டினால் கையைக் கட்டிக்கொள்வதும்தான். கஷ்டம்தான். பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய ஜூன் மாதத்தில் ரொம்பக் கஷ்டம்.

கிராம ஊராட்சிகளின் பதவிக்காலம் கரூர் உள்ளிட்ட மாவட்டங்களில் 2025 ஜனவரி 5இல் முடிந்து, அங்கேயும் தனி அலுவலர்கள் வந்தார்கள். அந்த மாதிரி நேரங்களில் கிராமசபைதான் மிச்சம். நான்காக இருந்த கூட்டத்தை 2022இல் ஆறாக்கினார்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளும் நவம்பர் 1 உள்ளாட்சி நாளும் சேர்ந்தன. கூட்டத்துக்குப் போகிற நிருபர், போன சபையின் தீர்மானப் பதிவேட்டை முதலில் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். புதுத் தீர்மானத்தை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம்.

இப்போது எங்கள் பகுதிக்கு ஓர் இளம்பெண் நிருபராக வந்திருக்கிறார். அவருக்கு நான் கொடுத்த முதல் வேலை, ஓராண்டுக்கு முந்தைய எங்கள் நாளிதழிலிருந்து ஓர் அறிவிப்புச் செய்தியை வெட்டி எடுத்து, அந்த வேலை நடந்திருக்கிறதா என்று இடத்துக்கே போய்ப் பார்ப்பது. வாய்க்கால் மேல் ஒரு சிறுபாலம். அங்கே பாலம் இல்லை. அலுவலகத்தில் போய் விசாரித்துவிட்டுப் போன் செய்தார்.

"அண்ணே, நிர்வாக அனுமதி வந்திருக்கு. டெண்டரும் முடிஞ்சிருக்கு. ஒர்க் ஆர்டர் மட்டும் இல்ல. இன்ஜினீயர் சார் 'பாக்கலாம்'ங்கறாரு. யாரைக் கேக்கட்டும்?"

"கணக்குப் பிரிவுல கேளும்மா. ஒப்பந்தக்காரர் டெபாசிட் கட்டினாரா, கட்டியிருந்தா என்னைக்குக் கட்டினாருன்னு கேட்டு, ரசீது நம்பரையும் குறிச்சுக்க. அப்புறம் இன்ஜினீயரைப் போய்ப் பாரு" என்றேன்.