சேதராப்பட்டிலிருந்து ஒரு கடிதம்: சமுதாயக் கல்லூரியும் தொழிற்பேட்டையும்

சேதராப்பட்டு, புதுச்சேரி

அன்பார்ந்த நண்பருக்கு,

புதுச்சேரிப் பட்டணத்திலிருந்து மயிலம் செல்லும் சாலையில் உள்ள சேதராப்பட்டு, வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்தது. கொம்யூன் என்பது பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற உள்ளாட்சி அலகு. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்ட் 16 அன்று அம்மாற்றம் சட்டப்படி முழுமை பெற்ற பின்னரும் பழைய எல்லைக்கோடுகள் அப்படியே நீடிப்பதால், இப்பகுதியில் செல்லும் பேருந்து புதுச்சேரிக்குள்ளும் தமிழ்நாட்டுக்குள்ளும் மாறிமாறி நுழைகிறது. எல்லை கடந்ததை வழிப்போக்கருக்கு முதலில் அறிவிப்பவை பெரும்பாலும் மதுக்கடைகளே.

ஊரின் இன்றைய முகம் தொழிற்பேட்டையாகும். அரசின் தொழில் வளர்ச்சி மற்றும் முதலீட்டுக் கழகமான ‘பிப்டிக்’ அமைத்த இப்பேட்டையில், ஷிப்ட் மாறும் வேளையில் கம்பெனி வேன்களும் சைக்கிள்களும் சாலையை அடைத்துக்கொள்ள, சாப்பாட்டுப் பைகளுடன் பெண்கள் கூட்டமாக உள்ளே செல்கின்றனர். வாயில்களில் தொங்கும் ‘ஆட்கள் தேவை’ அட்டைகள் வழக்கமாக ஐ.டி.ஐ., டிப்ளமோ, +2 என்ற தகுதிகளையே கேட்கின்றன. சமுதாயக் கல்லூரிச் சான்றிதழை அவை பெயர் சொல்லிக் கேட்பது அரிது என்பதே இக்கடிதத்தை எழுதத் தூண்டியது.

ஏனெனில் இந்தியாவின் முதல் சமுதாயக் கல்லூரி என அறியப்படும் நிறுவனம் இதே புதுச்சேரியில், லாஸ்பேட்டையில், 1995-இல் புதுவைப் பல்கலைக்கழகத்தால் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே சென்னை மயிலாப்பூர் உயர்மறைமாவட்டம் சென்னையில் ஒன்றைத் தொடங்கியது. சமுதாயக் கல்லூரி என்பது, வழக்கமான பட்டப்படிப்பை எட்ட இயலாதவர்க்கும், விரைந்து வேலைக்குச் செல்ல வேண்டியவர்க்கும், சுற்றுவட்டாரத் தொழில்களுக்கு ஏற்ற குறுகிய காலப் படிப்பைக் குறைந்த செலவில் அளிக்கும் கல்விக்கூடமாகும்.

இதன் மூலவடிவம் அமெரிக்காவினுடையது. 1901-இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் ஆறு மாணவர்களுடன் தொடங்கிய கல்லூரியே அந்நாட்டின் பழமையான அரசு இரண்டாண்டுக் கல்லூரி. அங்கு இத்தகைய கல்லூரிகள் பலவற்றை வட்டார மக்களின் வரிப்பணமும் வட்டார நிர்வாகக் குழுவும் தாங்குவதால், ஊரில் எந்தத் தொழில் வளர்கிறதோ அதற்கேற்பப் பாடங்கள் மாறுகின்றன. இரண்டாண்டு முடித்தவர், தேறிய பாடங்களுக்கான மதிப்பலகுகளை, அதாவது கிரெடிட்டுகளை, எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் சேரவும் வழியுண்டு.

இந்தியா அவ்வடிவத்தை எடுத்துக்கொண்டபோது வட்டார நிர்வாகம் உடன்வரவில்லை. பல்கலைக்கழகமோ அறக்கட்டளையோ நடத்துவதே இங்கு வழக்கமாயிற்று. பல்கலைக்கழக மானியக் குழு 2014-இல் முன்னெடுத்த ‘பி.வோக்.’ என்னும் தொழிற்கல்விப் பட்டம் இக்குறையை ஓரளவு ஈடுசெய்ய முயன்றது எனலாம். பாடத்தில் 60 விழுக்காடு தொழில்திறனுக்கும் 40 விழுக்காடு பொதுக்கல்விக்கும் ஒதுக்கப்பட, ஓராண்டில் வெளியேறுபவர் டிப்ளமோவும், ஈராண்டில் வெளியேறுபவர் மேல்நிலை டிப்ளமோவும், மூன்றாண்டும் முடிப்பவர் பட்டமும் பெறுவர். குடும்பச் சூழலால் இடையில் நின்றவரைத் ‘தேறாதவர்’ என்று கைவிடாத இவ்வேற்பாடு, நம் கல்விமுறையில் அரிதாகத் தென்படும் கருணை.

ஆயினும் கட்டமைப்பில் உள்ள கருணை கம்பெனி வாயிலில் செல்லுபடியாவதில்லை. பல பெற்றோருக்குக் கல்லூரி என்றால் தாகூர் கலைக் கல்லூரி போன்ற நெடுநாள் பெயர்பெற்ற நிறுவனமே. பாலிடெக்னிக்கின் பெயரும் பழகிப்போனது. சமுதாயக் கல்லூரியோ இடம் கிடைக்காதவர் சேருமிடமாகக் கருதப்படுகிறது. இதற்குப் பெற்றோரைக் குறைகூறுவது நியாயமன்று. வேலைக்கு எடுப்பவர் அறியாத சான்றிதழை நம்பிப் பிள்ளையின் ஓராண்டைச் செலவிட எவரும் தயங்குவர். லாஸ்பேட்டையில் வகுப்பறையும் சேதராப்பட்டில் இயந்திரமும் இருக்க, பாடத்திட்டக் குழுவில் பேட்டையின் மேற்பார்வையாளர்களை அமர்த்துவதும், பயிற்சிக் காலத்தைத் தொழிற்கூடத்திலேயே கழிக்கச் செய்வதும் புதிய கட்டடங்களைவிட முதன்மையானவை.

தங்கள் வீட்டுப் பிள்ளைகளுள் எவரேனும் இத்தகைய கல்லூரியில் சேர எண்ணினால், சான்றிதழை எப்பல்கலைக்கழகம் வழங்குகிறது என்பதையும், ஓராண்டில் நின்றால் பின்னர் அதே கிரெடிட்டுகளுடன் தொடர இயலுமா என்பதையும் சேர்க்கைக்கு முன்னரே எழுத்தில் கேட்டுப் பெறுமாறு கூறவும்.

இங்ஙனம்,
தங்கள் நண்பர்