எம் குரல் சென்று சேர்ந்த வழி

கற்பித்தல் என்பது ஆசிரியர் பேசுவதனால் மட்டும் நிறைவுறுவதன்று; மாணவர் செவியைச் சென்று சேரும்பொழுதே அது நிறைவுறுகின்றது. பல்லாண்டுகள் தமிழ் பயிற்றிய யாம், இவ்வெளிய உண்மையை ஒரு கம்பியின் வாயிலாகவே கற்றோம்.

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பெருந்தொற்றின் காரணமாக நாடெங்கும் ஊரடங்கு வந்தது. பின்னர் வகுப்புகள் இணையவழி நடைபெறலாயின. எம் இல்லத்தின் பின்கட்டில், நூல்கள் நிறைந்த சிற்றறையில் அமர்ந்து யாப்பிலக்கணம் நடத்தினோம். தொடக்கத்தில் நாற்பதின்மர் இருப்பர். கால் மணி கழிந்தால் பாதிப்பேர் இரார். மாணவர்க்கு இலக்கணம் கசக்கின்றது என முடிவு செய்தோம். ஒருநாள் சினந்து, இடையில் அகன்றோரையெல்லாம் வருகைப் பதிவேட்டில் ‘வாராதோர்’ எனக் குறித்தும் விட்டோம்.

அன்று மாலை மூன்றாமாண்டு மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். “ஐயா, நாங்கள் ஓடவில்லை. தங்கள் குரல்தான் அறுந்து அறுந்து வருகிறது. சீர் கேட்டால் தளை கேட்பதில்லை” என்றார். யாம் நாணினோம்.

குறை எம் இல்லத்தில்தான் இருந்தது. வெளியிலிருந்து இணையத்தைக் கொணரும் மோடம் முன்கூடத்தில் இருந்தது. எம் வாப்பா கட்டிய அவ்வீட்டின் சுவர்கள் தடித்தவை. வைஃபை எனும் அருகலை, சுவரைக் கடக்குந்தோறும் வலுவிழக்கும். ஆதலின் ஒரு ரூட்டரை, அஃதாவது திசைவியை, வாங்கிப் பின்கட்டில் வைத்து, மோடத்திலிருந்து பதினைந்து மீட்டர் கம்பி இழுத்தோம். அக்கம்பியினுள் எட்டுச் செப்பிழைகள் நான்கு இணைகளாக முறுக்கப்பட்டிருக்கும். நூறு மீட்டர் வரை அது செம்மையாகச் செய்தி கடத்தும்.

கம்பியைச் செருகினோம். கைப்பேசியில் அருகலை நிறைந்து காட்டியது, இணையமோ வரவில்லை. மீண்டும் அம்மாணவரையே நாடினோம். திசைவியில் ஒத்த தோற்றமுடைய செருகுவாய்கள் பல இருந்தன. வீட்டுக் கணினிகளுக்குரிய மஞ்சள் வாயில் யாம் கம்பியைச் செருகியிருந்தோம். மோடத்திற்குரியது ‘வேன்’ எனக் குறிக்கப்பட்ட நீல வாயே என்றார். மாற்றினோம், அப்போதும் வரவில்லை.

அவர் சிறிது சிந்தித்து, “இரண்டிற்கும் முகவரி ஒன்றாக இருக்குமோ?” என்று வினவினார். அவ்வாறே இருந்தது. மோடமும் 192.168.1.1, திசைவியும் 192.168.1.1. 192.168 எனத் தொடங்கும் எண்கள் அகப் பயன்பாட்டிற்கென ஒதுக்கப்பட்டவை. உலகில் எண்ணற்ற வீடுகளில் அவையே வழங்கினும் இடரில்லை. ஒரு வீட்டினுள் இரு கருவிகள் ஒரே எண்ணைக் கொண்டால் செய்தி வழியறியாது மயங்கும். அவர் சொற்படி கம்பியைக் கழற்றி, திசைவியின் எண்ணை 192.168.2.1 என மாற்றினோம். கருவியொடு வந்த கடவுச்சொல்லையும் மாற்றினோம். இரண்டையும் அணைத்துக் கம்பியை மீண்டும் பொருத்தி, முதலில் மோடத்தை இயக்கி, அதன் விளக்குகள் நிலைபெற்றபின் திசைவியை இயக்கினோம். இணையம் வந்தது.

இடையில் மும்முறை பிழை செய்தோம். அம்மாணவர் ஒருமுறையும் சினந்திலர். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்தே விளக்கினார். எம்மை அவர் ‘வாராதோர்’ பட்டியலில் சேர்த்திலர்!

மறுநாள் வகுப்பில் மாணவர்களிடம் வருத்தம் தெரிவித்துப் பதிவேட்டைத் திருத்தினோம். அன்று வகுப்பு இறுதிவரை ஏறத்தாழ அனைவரும் இருந்தனர். இருவர் மட்டும் இல்லை. உசாவியபோது, அவர்தம் சிற்றூரில் கைப்பேசி அலையே சரிவர எட்டாதது தெரிந்தது. அவ்விருவர்க்கும் பாடத்தைக் கைப்பட எழுதி அஞ்சலில் அனுப்பினோம்.

இப்பொழுது கல்லூரி வகுப்பறையில் எதிரே அமர்ந்திருக்கும் மாணவர் கவனம் சிதறினால், உடனே அவரைக் கடிந்துகொள்வதில்லை. எம் குரல் அவரைச் சென்று சேர்கின்றதா என்று முதலில் எம்மையே கேட்டுக்கொள்கின்றோம்.