பிம்

ஒரு பாஷையை எந்தச் சொல்லிலிருந்து கற்கத் தொடங்குவது என்பதற்குச் சாஸ்திரம் கிடையாது. பிரயாணம் போகிறவன் தண்ணீர், சோறு, என்ன விலை என்று தொடங்குவான். எனக்குப் பிரயாணம் ஒன்றும் இல்லை. புதைபொருள் ஆராய்ச்சி பற்றி ஏதோ ஒரு புஸ்தகம் படிக்கப் போய், ஹீப்ரு பாஷையை நான் உடைந்த பானையிலிருந்து ஆரம்பித்தேன். ‘கத்’ என்றால் குடம். ‘ஹெரெஸ்’ என்றால் பானை ஓடு. ‘நேர்’ என்றால் விளக்கு; இது ஒன்றுதான் எழுதிப் பாராமலே மனத்தில் நின்றது.

‘தேல்’ என்றால் மேடு. வெறும் மண்மேடு அல்ல. ஊர் அழிந்து, அதன்மேல் ஊர் எழும்பி, அதுவும் அழிந்து உயர்ந்த மேடு. மெகித்தோவில் இப்படி இருபதுக்கும் மேற்பட்ட அடுக்குகள். பின் 1909இல் மணல்வெளியில் கட்டத் தொடங்கிய புத்தம் புது நகரத்துக்கு ‘தேல் அவீவ்’ என்ற பெயர் எப்படி வந்தது? ஹெர்ட்ஸல் 1902இல் ஜெர்மனில் எழுதிய நாவலின் தலைப்புக்குப் ‘பழைய புதிய நாடு’ என்று பொருள். அதை ஹீப்ருவில் பெயர்த்த ஸொக்கொலோவ், பழமைக்குத் ‘தேல்’ என்றும் புதுமைக்கு வசந்தத்தைக் குறிக்கும் ‘அவீவ்’ என்றும் வைத்தார். அந்தத் தலைப்பே ஊர்ப்பெயராகிவிட்டது. நம்மிடையே மொழிபெயர்ப்பாளனின் பெயரை அட்டையில் போட்டாலே பெரிய காரியம்!

ஆனால் என்னை உட்கார வைத்த சொல் ‘பிம்’. பைபிளில், சாமுவேல் முதல் புஸ்தகம் 13ஆம் அதிகாரத்தில் ஒரே ஒரு முறை வருகிறது. இஸ்ரவேலரிடம் கொல்லர் இல்லை. கொழுவையும் கோடரியையும் தீட்டப் பகைவரான பெலிஸ்தியரிடமே போக வேண்டும். அந்த இடத்தில்தான் இந்தச் சொல். பொருள் யாருக்கும் தெரியவில்லை. 1611இல் ஆங்கிலத்தில் பெயர்த்த பண்டிதர்கள், தீட்டுகிற பேச்சுத்தானே என்று ‘அரம்’ என்று போட்டுவிட்டார்கள். நானாயிருந்தாலும் அதைத்தான் போட்டிருப்பேன்.

20ஆம் நூற்றாண்டில் அந்த மண்ணைத் தோண்டியபோது சின்னச் சின்ன எடைக்கற்கள் கிடைத்தன. அடி தட்டை, தலை உருண்டை. சிலவற்றின் தலையில் ‘பிம்’ என்றே வெட்டியிருந்தது. ஒன்றின் எடை 8 கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஏறக்குறைய ஒரு ஷெக்கலில் மூன்றில் இரண்டு பங்கு. அரம் அல்ல, கூலி! அவ்வளவு வெள்ளியை நிறுத்துக் கொடுத்தால்தான் கொழு கூராகும்.

அரம் என்று படித்தபோது எனக்கு ஒரு பட்டறை தெரிந்தது. பிம் என்று படித்ததும், மழை பெய்து ஈரம் காய்வதற்குள் உழுதாக வேண்டிய ஒருவன், மடியைத் தடவிப் பார்த்துக்கொண்டு பகைவன் பட்டறை வாசலில் நிற்பது தெரிந்தது.

மனைவியிடம் சொன்னேன். அவள் உழவர் வீட்டுப் பெண்.

“அவ்வளவு வெள்ளி ஒரு கொழுவுக்கா, எல்லாக் கொழுவுக்கும் சேர்த்தா?” என்று கேட்டாள்.

“ஒன்றுக்குத்தான்.”

“அப்படியானால் பாதிப் பேர் மழுங்கல் கொழுவோடுதான் உழுதிருப்பார்கள்” என்றாள்.