ஆயிரம் கணினிகளும் ஒரு மேசையும்

ஆய்வு மாணவனாக இருந்த நாட்களில் என்னிடம் இருந்தது ஒரே ஒரு கணினி. ஆராய வேண்டியதோ, ஆயிரம் கணினிகள் பகிர்ந்து செய்யும் வேலை. அந்த இடைவெளியைக் கடக்க உதவியது சிம்கிரிட். 1999இல் சான் டியாகோவின் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்டு, பின்னர் பிரெஞ்சு ஆய்வாளர்களால் வளர்த்தெடுக்கப்பட்ட கட்டற்ற மென்பொருள் அது.

கணினிகளின் வேகத்தையும் இணைப்புகளின் கொள்ளளவையும் எழுதிக்கொடுத்தால் போதும். தரவுப் பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பின்தொடராமல், வாய்க்கால் நீரைப் பங்கிடுவதுபோல் ஓட்டத்தைக் கணக்கிடும். அதன் கடிகாரம் ஒரு நிகழ்விலிருந்து அடுத்ததற்குத் தாவும். பல மணி நேர வேலை சில நொடிகளில் முடிந்துவிடக்கூடும்.

என்னை அதிகம் ஈர்த்தது வேறொன்று. உண்மையான வலைப்பின்னலில் நேற்றைய நெரிசல் அப்படியே இன்று திரும்பாது. இரு திட்டங்களில் எது மேலென்று சொல்லவோ, இரண்டுக்கும் ஒரே நாள் வாய்க்க வேண்டும். அந்த ஒரே நாளை எத்தனை முறை கேட்டாலும் சிம்கிரிட் தரும். ஆனால் நாம் எழுதிக்கொடுக்காத எதுவும் அந்நாளில் நிகழாது; ஒரு கணினி பழுதாவதுகூட நாம் சொன்னால்தான். ஆகவே விடை வந்ததும் நான் முதலில் தேடுவது, எழுதிக்கொடுக்காமல் விட்டவற்றை.